ஸ்கேன் நார்மல் என்றால் பி.ஐ.டி. (கர்ப்பப்பை, கருக்குழாய்த் தொற்று) இல்லையா? எச்.ஐ.வி. இருந்தால் கண்டுபிடிக்கும் முறை மாறுமா?

ஜூன் 18, இரவு 9.50 (கேள்வி: கூடலூர் பக்கம் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர்)

மேடம், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். எச்.ஐ.வி. உண்டு, அதற்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக அடிவயிற்று வலி, கூடவே நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். அனுப்பிய இடத்தில் ஸ்கேன் எடுத்து "கர்ப்பப்பை நார்மல்" என்று எழுதி, வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் நார்மல் என்றால் பி.ஐ.டி. இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தனி டெஸ்ட் உண்டா?

ஜூன் 18, இரவு 10.35 (இதுவும் இதற்குக் கீழே வருபவையும் டாக்டரின் பதில்கள்)

சிஸ்டர், இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். ஸ்கேன் நார்மல் என்பதால் பி.ஐ.டி. இல்லை என்று ஆகிவிடாது. எச்.ஐ.வி.க்கென்று தனி டெஸ்டும் கிடையாது.

முதலில் யூ.பி.டி. கார்டு (சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் டெஸ்ட்) போடுங்கள். நாள் தள்ளவில்லை என்று அவர் சொன்னாலும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவராக இருந்தாலும் போடுங்கள். கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் மற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நெகட்டிவ் என்றால், யாராவது ஒருவர் அவரை மேசையில் படுக்க வைத்து உள்பரிசோதனை செய்தாக வேண்டும். அனுப்பிய இடத்தில் அதைச் செய்தார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கேள்வியில் எஸ்டேட் பெயரும் டிவிஷனும் போட்டிருந்தீர்கள், எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த லைனில் ஏ.ஆர்.டி. சாப்பிடுபவர் யார் என்று கண்டுபிடிக்க ஊர்க்காரர்களுக்கு அரை நிமிடம் போதும். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள், தெரியும். ஆனாலும், எச்.ஐ.வி. உள்ளவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்ற 2017 எச்.ஐ.வி. சட்டம் நமக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 19, காலை 6.20

ராத்திரி முழுக்க மழை, கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன்.

கர்ப்பப்பை வாயில் இருக்கும் கிருமி மேலே ஏறி, கர்ப்பப்பையின் உட்சுவர், கருக்குழாய், சினைப்பை என்று பரவுவதுதான் பி.ஐ.டி. கிளமிடியா, கொனோரியா இரண்டும் பேர்போன குற்றவாளிகள். ஆனால் பாதிக் கதை அவற்றால் மட்டும் நடப்பதில்லை. பிறப்புறுப்பில் சாதாரணமாக இருக்கும் காற்றில்லாமல் வாழும் கிருமிகள், மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கூட்டமே சேர்ந்து வரும். அதனால்தான் ஒரே மருந்தில் இது அடங்குவதில்லை. அதனால்தான் கிளமிடியா டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் பி.ஐ.டி. இல்லை என்று சொல்ல முடிவதில்லை.

கண்டுபிடிப்பது கையால்தான். அடிவயிற்றில் வலி இருக்கிறது, அதற்கு வேறு காரணம் தெரியவில்லை. கையுறை போட்ட இரண்டு விரலை உள்ளே வைத்து, மற்ற கையை அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிறோம். கர்ப்பப்பை வாயை இலேசாக அசைத்தால் வலி, கர்ப்பப்பையை அழுத்தினால் வலி, பக்கவாட்டில் குழாய், சினைப்பை இருக்கும் இடத்தை அழுத்தினால் வலி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே மருந்து தொடங்கிவிட வேண்டும். அமெரிக்க சி.டி.சி. (நோய்த் தடுப்பு மையம்) வழிகாட்டி சொல்வதும் இதைத்தான். 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கர்ப்பப்பை வாயில் சீழ், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உயர்வு இவையெல்லாம் நம் சந்தேகத்துக்குப் பலம் சேர்க்கும் சாட்சிகள். இவை இல்லை என்பதற்காக அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அசைத்தால் வலி என்றால் "வலிக்கிறதா?" என்று கேட்டு அவர் "ஆமாம்" என்பது இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும். நிஜமாகவே இருந்தால் இடுப்பு தானாக மேசையை விட்டு எழும்பும், கை விரிப்பைப் பிடிக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வாயைத் திறந்து வலி என்று சொல்லிவிட மாட்டார்கள். அட்டை கடித்த காலோடு நாள் முழுக்க நின்றவர்கள். அந்த விரிப்பைப் பிடிக்கும் கைதான் நமக்குச் சொல்லும்.

பேட்டரி

ஜூன் 19, பகல் 2.10

சிஸ்டரின் பதிலைப் பார்த்தேன். நினைத்ததுதான். உள்ளே யாரும் பார்க்கவில்லை. நோட்டில் எச்.ஐ.வி. என்று இருந்ததைப் படித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு கேள்வி கேட்டார்களாம்.

ஜூன் 19, இரவு 9.15

இந்த இழையின் தலைப்பையே மாற்றலாம் போலிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கும் இல்லாத பெண்ணுக்கும் பி.ஐ.டி. கண்டறிவதில் நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான்: ஒருவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள், இன்னொருவரை ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான், அளவுகோலும் ஒன்றுதான். கையுறை எல்லாருக்கும் ஒன்றே. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இரண்டு ஜோடி போடுகிறவர், டெஸ்ட்டே எடுக்காத மற்றவருக்கு ஒன்று போடுவதில் என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்கேனைப் பற்றி. ஸ்கேன் செய்பவர் மேல் தப்பில்லை. ஆரம்பக்கட்ட பி.ஐ.டி.யில் படம் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். குழாய் தடித்து உள்ளே நீர் கட்டினால் தெரியும், சீழ்க்கட்டி இருந்தால் தெரியும். மேலே வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேனில் அதுகூடச் சில சமயம் நழுவிவிடும், உள்வழி ஸ்கேனில்தான் பிடிபடும். இருந்தால் உறுதிப்படுத்த உதவுமே தவிர, இல்லை என்று சொல்ல அதை நம்ப முடியாது.

"அப்படியானால் கையும் தப்பாகச் சொல்லாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லும். நல்லாவே சொல்லும். ஸ்வீடனில் லண்ட் நகரத்து மருத்துவர்கள் 1969-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கை வைத்துப் பார்த்து பி.ஐ.டி. என்று முடிவு செய்த 814 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளை வழியாக உள்ளே பார்க்கும் குழாய்) போட்டுப் பார்த்தார்கள். 65 சதவீதத்தினருக்கு நிஜமாகவே குழாய் அழற்சி. சுமார் 23 சதவீதத்தினருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. மீதி 12 சதவீதத்துக்கு வேறு நோய். ஆக, மூன்றில் ஒருவருக்குத் தேவையில்லாமல் மருந்து கொடுக்கிறோம். தெரிந்தேதான் கொடுக்கிறோம். ஏனென்றால் அதே லண்ட் குழு பிற்பாடு போட்ட கணக்கில் ஒரு முறை பி.ஐ.டி. வந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் குழாய் அடைத்துக் குழந்தையின்மை, இரண்டு முறை வந்தால் ஏறக்குறைய 20, மூன்று முறை வந்தால் 40. அதற்குப் பதினான்கு நாள் மாத்திரை மலிவு.

ஜூன் 20, காலை 7.05

நேற்று ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் "அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான்" என்பதில் அந்த "ஏறக்குறைய"வை விரித்துச் சொல்ல வேண்டும். அதுதான் கேள்வியே.

1990களில் நைரோபியில் குழாய் அழற்சி உள்ள பெண்களை லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்த ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சீழ்க்கட்டி மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. அது ஏ.ஆர்.டி. பரவலாகக் கிடைக்காத காலம், நினைவிருக்கட்டும். அப்படி இருந்தும் வழக்கமான மருந்துக்கே அவர்களும் குணமானார்கள். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்குப் படுக்கை நாள் கூடியது, அவ்வளவுதான். கிருமிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், கேண்டிடா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எச்.பி.வி. இவை கூடச் சேர்ந்து இருப்பது மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஆகவே சீழ்க்கட்டியைத் தேடுவதற்காக அவருக்கு ஸ்கேன் எடுப்பது நல்லது. அதை நான் மறுக்கவில்லை. உள்பரிசோதனைக்குப் பதிலாக எடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

ஜூன் 20, பகல் 1.30

லேப் நண்பருக்கு: நீங்கள் சொல்வது சரி. ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை நார்மல் என்று வந்தால் ஏமாறக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது எதிர்பார்த்த அளவு ஏறாமல் போகலாம். ஈ.எஸ்.ஆர். கதை தலைகீழ். எச்.ஐ.வி. ஒன்றே அதை ஏற்றிவிடும், ரத்தசோகையும் ஏற்றும். எஸ்டேட் பெண்களில் ரத்தசோகை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

மைக்ரோஸ்கோப் இருக்கிறதல்லவா, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சொட்டு சலைனில் வெள்ளைப்பட்டதைக் கலந்து ஸ்லைடில் பாருங்கள். வெள்ளை அணுவே கண்ணில் படவில்லை, கர்ப்பப்பை வாயும் சுத்தமாக இருக்கிறது என்றால் அது பி.ஐ.டி.யாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேறு காரணம் தேடலாம். செலவே இல்லாத டெஸ்ட். அதனால்தானோ என்னவோ யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஜூன் 20, இரவு 10.00

இதே இழையில் எழுதும் கோத்தகிரி சார் "எச்.ஐ.வி. என்றால் கட்டாயம் அட்மிட் போட வேண்டும், நான் அப்படித்தான் படித்தேன்" என்கிறார். சார், நானும் அந்தக் காலத்தில்தான் படித்தேன். 1993-ல் சி.டி.சி. அப்படித்தான் சொன்னது. அதே ஆண்டு எச்.ஐ.வி. தொற்றை வகைப்படுத்தும் பட்டியலிலும் பி.ஐ.டி.யைச் சேர்த்தார்கள். சீழ்க்கட்டியோடு வந்தால் குறிப்பாக என்று அழுத்தம் வேறு. பிறகு வந்த பதிப்புகளில் "எச்.ஐ.வி. இருந்தாலே அட்மிட்" என்பதை எடுத்துவிட்டார்கள். இப்போது அட்மிஷனுக்கான காரணங்கள் எல்லாருக்கும் ஒன்றே: சீழ்க்கட்டி, கர்ப்பம், நிற்காத வாந்தி, கடும் காய்ச்சல், குடல்வால் போன்ற அறுவை சிகிச்சைச் சந்தேகம், வாய்வழி மருந்துக்குக் குறையாமை.

இதில் ஒன்றைக் கூடலூர்க்காரியாக நான் சேர்த்துக்கொள்வேன்: மழைக்காலத்தில் மூன்றாம் நாள் திரும்பி வர வழியில்லாத ஊர். ரோடு சரிந்தால் புத்தகம் வந்து தூக்கிக்கொண்டு போகாது.

ஜூன் 21, மாலை 5.40

நல்ல செய்தி. சிஸ்டர் அவரை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். (அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.) யூ.பி.டி. நெகட்டிவ். ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை வாயில் சீழ். அசைத்தால் வலி, இடது பக்கம் அதிகம். உள்வழி ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று இடுப்பில், டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை மாலை, மெட்ரோனிடசோல் காலை மாலை, இரண்டும் பதினான்கு நாள். 72 மணி நேரத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"இவ்வளவுதானா டாக்டரம்மா?" என்று கேட்டாராம். ஆமாம், பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஜூன் 21, மாலை 6.15

"எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி ஸ்டாக் இல்லை, கலர் கிட்தான் இருக்கிறது" என்று எழுதியவருக்கு: நேக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) கிட்டில் அடிவயிற்று வலிக்கு ஆறாம் எண், மஞ்சள். செஃபிக்சிம் ஒரு வேளை, மெட்ரோனிடசோலும் டாக்சிசைக்ளினும் பதினான்கு நாள். சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது கர்ப்பப்பை வாய் அழற்சிக்கு. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் ஒரே வேளையில் முடிந்துவிடும், மேலே ஏறிய கிருமிக்கு அது பத்தாது. சாம்பலா மஞ்சளா என்பதைத் தீர்மானிப்பதும் அந்த உள்பரிசோதனைதான். பார்க்காமல் கிட் கொடுத்தால் நாம் கலர் பார்த்துச் சீட்டு எடுக்கிறோம்.

ஜூன் 24, இரவு 8.30

மூன்றாம் நாள் அந்த அக்காவைப் பார்த்தார்களாம். காய்ச்சல் இல்லை, அசைத்தால் முகம் சுளிக்கிறார், ஆனால் இடுப்பு எழும்பவில்லை. சரியான பாதை. வேலைக்குப் போகலாமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

குறையாமல் போனால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நம் ஊர் வேறு, அமெரிக்கப் புத்தகம் வேறு. முதலில் சீழ்க்கட்டியைத் தேடுங்கள். அதுவும் இல்லை, வலி மட்டும் மாதக்கணக்கில் இழுக்கிறது, மாதவிடாய் சுருங்கிக்கொண்டே போகிறது, எடை குறைகிறது, சாயங்காலம் காய்ச்சல் என்றால் காச நோயை நினையுங்கள். நுரையீரலில் டி.பி. இல்லாமலேயே கருக்குழாயில் இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவரிடம் இந்த நினைப்பு இன்னும் சீக்கிரம் வர வேண்டும். நான் பார்த்த ஒருவர் பி.ஐ.டி. என்று மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்துவிட்டு வந்தார். மாதவிடாய்க்கு முன்னால் கர்ப்பப்பை உட்சுவரில் துளி எடுத்து டி.பி. கிருமியைத் தேடும் சி.பி.நாட் டெஸ்டுக்கும் பயாப்சிக்கும் அனுப்பினோம். அங்கே கிடைத்தது. அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டி.பி. மருந்து தொடங்கினால் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி.யில் உள்ள டொலுட்கிராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் டொலுட்கிராவிர் தினம் இரண்டு வேளை ஆகும்.

ஜூன் 25, காலை 6.50

இழை எங்கெங்கோ போகிறது, நானும் கூடப் போகிறேன். யாரோ வலது விலாவுக்குக் கீழே வலி பற்றிக் கேட்டீர்கள். கிளமிடியாவோ கொனோரியாவோ குழாயிலிருந்து மேலே போய் ஈரலைச் சுற்றியுள்ள சவ்வைப் பிடிப்பது உண்டு. ஃபிட்ஸ்-ஹியூ கர்ட்டிஸ் என்று பெயர். கல்யாணமாகிச் சில மாதமே ஆன பெண் ஒருத்தி பித்தப்பைக்கும் அல்சருக்கும் மாறி மாறி மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றதால் வெள்ளைப்படுவதை எங்கேயும் சொல்லவில்லை. மாமியாரை "ஓ.பி. சீட்டில் சீல் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன். சீல் போடும் வழக்கமே எங்களிடம் கிடையாது. பாவம், சீல் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் நான் தவறாமல் கேட்பேன். "பஸ்ஸில் வரும்போது எப்படி இருந்தது?" நடுவட்டம் வளைவிலும் பள்ளத்திலும் பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியில் தலை வைத்து வந்தேன் என்றால், வயிற்றின் உள்சவ்வு வரை அழற்சி வந்துவிட்டது என்று அர்த்தம். குடல்வாலுக்கும் இதே கதைதான், பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவாகக் குடல்வால் ஒரு பக்கம் கிள்ளும், பசியைக் கொல்லும். பி.ஐ.டி. இரண்டு பக்கமும் பிடிக்கும். பொதுவாகத்தான், சத்தியமாக அல்ல.

ஜூன் 27, இரவு 9.40

"கர்ப்பப்பையில் புண் என்றார்கள், எடுத்துவிடச் சொல்கிறார்கள்" என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு, பெயரில்லாமல் இங்கேயே பதில். பி.ஐ.டி.க்குக் கர்ப்பப்பையை எடுப்பது முதல் வைத்தியம் அல்ல. உங்களை உள்ளே பார்த்தார்களா, பதினான்கு நாள் மருந்து முழுதாகக் கொடுத்தார்களா, கணவருக்குக் கொடுத்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வைத்தியமே இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜூன் 28, காலை 7.15

கணவர் விஷயத்தைப் பெரிய கேள்வியாகக் கேட்கிறார்கள். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு வைத்த துணைக்கும் மருந்து தேவை, அவருக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும். பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கல். "எனக்கு ஒண்ணும் இல்லையே, இவளுக்கு எங்கிருந்து வந்தது?" என்று லைன் வீட்டில் சண்டை தொடங்கிவிடும். நான் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, கிளமிடியா பல மாதம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும், யார் முதலில் என்று எந்த டெஸ்டும் சொல்லாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். எல்லா பி.ஐ.டி.யும் உறவு வழியாக வருவதும் இல்லை. பிரசவம், கருக்கலைப்பு, காப்பர்-டி போட்ட முதல் மூன்று வாரம், இவற்றுக்குப் பிறகும் வரும்.

எச்.ஐ.வி. நிலை தெரியாத பெண்ணுக்கு பி.ஐ.டி. என்று வந்தால் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும். கேட்டு, சம்மதம் வாங்கி. இதைப் பலர் மறந்துவிடுகிறோம். எச்.ஐ.வி. இருக்கிறவரிடம் பி.ஐ.டி.யைத் தேடுவதில்லை, பி.ஐ.டி. இருக்கிறவரிடம் எச்.ஐ.வி.யைத் தேடுவதில்லை.

ஜூலை 3, இரவு 9.05

மாத்திரை முடியப் போகிறது, வலி இல்லை என்று சிஸ்டர் எழுதியிருக்கிறார். இடையில் அந்த அக்கா இரண்டு சந்தேகம் கேட்டாராம்.

காப்பர்-டியை எடுக்க வேண்டுமா? உடனே வேண்டாம். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கினால் அது பாட்டுக்கு இருக்கட்டும். குறையவே இல்லை என்றால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டாக்சிசைக்ளினோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், "எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கு" என்று. சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. நடுவில் இரண்டு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டொலுட்கிராவிருக்கும் இரும்போடு இதே தகராறு உண்டு. டொலுட்கிராவிரையும் இரும்பையும் சேர்த்துச் சாப்பாட்டோடு எடுத்தால் பரவாயில்லை, வெறும் வயிற்றில் என்றால் இரும்புக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் கழித்தோ டொலுட்கிராவிர். ஆகக் காலைச் சோற்றோடு டாக்சி, மத்தியானச் சோற்றோடு இரும்பு, ராத்திரிச் சோற்றோடு டாக்சி, படுக்கும்போது ஏ.ஆர்.டி. என்று எழுதிக் கொடுங்கள் சிஸ்டர். டாக்சியை நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள், விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குழாயில் புண்ணாகும். வெயில் அடித்தால் முழுக்கைச் சட்டை, தோல் கருகும். இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், நேற்று பகலில் ஒரு மணி நேரம் அடித்தது.